இரும்பு வாசம் இல்லாத கத்தி

கீழ்வேளூர்
11.7.2002

நிலோஃபர் லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாலு வருடம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு பொருள் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சிங்கப்பூரில் சமையல் சாமான் கடையில் இருக்கிறீர்கள். கூடப்பிறந்த உங்களை விட்டால் அங்கே எனக்கு வேறு யாரையும் தெரியாது.

இடது மார்பில் கட்டி வந்து ஏப்ரலில் அறுத்து எடுத்தார்கள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். அடுத்த வீட்டு அமிர்தம் கூட வருகிறாள். முடி போய்விட்டது. அது பரவாயில்லை. வாய்தான் தாங்க முடியவில்லை. பழைய பத்துப் பைசாவை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி, எதைத் தின்றாலும் இரும்பு. சோறும் இரும்பு, பாலும் இரும்பு. நர்ஸ் சொல்லி எவர்சில்வர் தட்டை விட்டுப் பிளாஸ்டிக் தட்டுக்கு மாறினேன். அரிவாள்மனையில் நறுக்கிய காய் என்றால் வாசனைக்கே குமட்டுகிறது.

போன தடவை பக்கத்துக் கட்டிலில் வேதாரண்யத்து மலர்கொடி என்று ஒருத்தி. அவள் அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறவர், அவளுக்கு வெள்ளைக் கத்தி ஒன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பீங்கான் கத்தியாம். இரும்பே கிடையாது. அதில் ஒரு கொய்யாப்பழம் நறுக்கி எனக்குப் பாதி கொடுத்தாள். லாத்தா, மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் கொய்யாப்பழம் தின்றேன்.

அப்படி ஒன்று வேண்டும். உங்கள் கடையில் இருந்தால் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.

ஹமீதா பானு

*

சிங்கப்பூர்
24.7.2002

என் ஹமீதாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கலந்தர் பாய் மளிகைக்கடையில் உன் கடிதத்தைக் கொடுத்தபோது கையெழுத்தைப் பார்த்தே முகம் வேர்த்துவிட்டது. கடைக்கு வெளியே நின்று படித்தேன். கட்டி என்ற வார்த்தை வந்ததும் கடிதத்தை மடித்து, மறுபடி பிரித்துப் படித்தேன். ஏப்ரலில் அறுத்ததை ஜூலையில் சொல்கிறாயே. ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை, தெரியும்.

கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். நான் நன்றாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வருகிறது. கறுப்பை இன்னொரு தரம் சூளையில் வைத்து எடுப்பார்கள், உறுதி கூட. ஆனால் உனக்கு வெள்ளைதான் அனுப்பப் போகிறேன். கறுப்பைப் பார்த்தால் இரும்பு ஞாபகம் வரும், பார்த்தவுடனே உன் நாக்கு அதைச் சொல்லிவிடும். நீளமானது வேண்டாம், நீளம் கூடக் கூட உடைகிற பயமும் கூடும். கையகல நீளம் உள்ளது போதும். வாங்குகிறபோது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து விளிம்பைப் பார்க்க வேண்டும், ஊசிமுனை அளவு பிசிறு இருந்தாலும் தெரியும். பிடியும் கத்தியும் சேருகிற இடத்தில் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும், அங்கே இடுக்கு இருந்தால் அழுக்குச் சேரும். உனக்கு இப்போது அழுக்கு ஆகாது. எல்லாம் நானே பார்த்து எடுக்கிறேன்.

இது பீங்கான், மறந்துவிடாதே. மரப்பலகையில் மட்டும் வைத்து நறுக்கு. கருங்கல் மேடை, தட்டு, எதன் மேலும் வேண்டாம். நேராக இறக்கி நேராக எடு, பக்கவாட்டில் திருகாதே. எலும்பு, நண்டு, தேங்காய், பூண்டைத் தட்டுகிற வேலை எல்லாவற்றுக்கும் பழைய அரிவாள்மனை இருக்கிறது. கழுவும்போது மற்ற பாத்திரத்தோடு போடாதே. கம்பி நார் போட்டுத் தேய்க்காதே. துடைத்து உறையில் போட்டு வை. துரு ஏறாது. மழுங்க நாளாகும். மழுங்கினாலும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதே, அந்தக் கல்லுக்கு இது பிடிபடாது.

அடுத்த மாதம் கலந்தர் பாய் நாகூர் கந்தூரிக்கு வருகிறார். அவரிடம் கொடுக்கிறேன்.

ஒரு வரி எழுது. டாக்டர் என்ன சொல்கிறார்?

நிலோஃபர்

*

கீழ்வேளூர்
30.8.2002

லாத்தாவுக்கு, ஸலாம்.

கலந்தர் பாய் நேரில் வந்து கொடுத்தார். ஒரு கைலியில் சுற்றி, அதற்கு மேல் துண்டு சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தார். உங்களைப் பற்றிக் கேட்டேன். "நல்லா இருக்காங்கம்மா, ஞாயித்துக்கிழமை வந்து லெட்டர் வாங்கிட்டுப் போவாங்க" என்றார். சொல்லிவிட்டு டீயை அவசரமாகக் குடித்தார்.

கத்தி நன்றாக இருக்கிறது. அமிர்தம் தொட்டுப் பார்த்து, "என்னாடி இது, கனமே இல்ல, விளையாட்டுச் சாமான் மாதிரி" என்றாள். பிறகு ஒரு தக்காளியை அறுத்துப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் எடுத்தாள். அவள் புருஷன் பஞ்சநதம் பழைய தேக்குப் பலகை ஒன்றை இழைத்துக் கொடுத்தார். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. குறுவையே போடாததால் அவருக்கும் வேறு வேலை இல்லை.

முதல் நாள் வெள்ளரிக்காய், அடுத்த நாள் பப்பாளி. மூன்றாம் நாள் பீர்க்கங்காய் நறுக்கிக் கூட்டு வைத்து அரைத்தட்டுச் சோறு சாப்பிட்டேன். மஞ்சள்தூள் பட்டு, கத்தி மஞ்சளாகிவிட்டது, போகவில்லை. அதற்கு என்ன செய்வது?

டாக்டர் மருந்தை மாற்றலாமா என்று பார்க்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை.

உம்மாவை அடக்கிய கபர் பக்கம் போன வாரம் ஆள் வைத்து முள் வெட்டினேன். கேட்பீர்களோ என்று எழுதுகிறேன்.

ஹமீதா பானு

*

சிங்கப்பூர்
15.9.2002

ஹமீதாவுக்கு, ஸலாம்.

அரைத்தட்டுச் சோறு என்று எழுதியிருந்ததை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

மஞ்சள் கறைக்கு வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச்சிங் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறப் போடு, போய்விடும். பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசு. நறுக்கியதைப் பலகையிலிருந்து வழிக்கும்போது கத்தியின் கூரான பக்கத்தால் வழிக்காதே, முதுகால் வழி. எல்லோரும் அங்கேதான் கெடுப்பார்கள். இங்கே ஒருவர் வீட்டில் அப்படித்தான் ஒரு வருடம் வர வேண்டிய கத்தி ஒரே மாதத்தில் விளிம்பு உதிர்ந்து பல் போனது.

ஆப்பிளை நறுக்கி வைத்தாலும் சீக்கிரம் கறுக்காது. ஊசி போடப் போகிற அன்று டப்பாவில் போட்டு எடுத்துப் போ. பஸ்ஸில் மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு உட்காராதே.

மருந்தை மாற்றுகிறார்கள் என்றால் ஏன்? அமிர்தத்தை டாக்டரிடம் கேட்டு எழுதச் சொல்லட்டுமா?

கபர் பக்கம் முள் வெட்டியதைப் படித்தேன். அல்லாஹ் உனக்கு அதற்குக் கூலி தருவான். எனக்கும் சேர்த்து நீதான் செய்கிறாய்.

நிலோஃபர்

*

கீழ்வேளூர்
20.10.2002

லாத்தாவுக்கு.

கத்தியின் முனை உடைந்துவிட்டது. புது மருந்து ஏற்றி வந்து நான் படுத்திருந்தேன். அமிர்தம் எனக்குக் கஞ்சிக்குத் துவையல் அரைக்கலாம் என்று அதை எடுத்துத் தேங்காயைக் கொட்டாங்கச்சியிலிருந்து நெம்பியிருக்கிறாள். "டிக்குன்னு ஒரு சத்தம்டி, அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்து அழுதாள். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதமாக என் வாந்தியைத் துடைக்கிறவள். உடைந்த துண்டு துவையலில் விழவில்லை, தரையில் தேடி எடுத்துவிட்டோம்.

ஆனால் முனை உடைவதற்கு முன்னாலேயே அது வேலை செய்வது நின்றுபோனது. அதை உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். புது மருந்து போட்ட நாலாம் நாளே பப்பாளியும் இரும்பாகிவிட்டது. பீங்கானில் வெட்டி, பிளாஸ்டிக்கில் வைத்து, கையால் எடுத்துத் தின்றாலும் இரும்பு. இரும்பு கத்தியில் இல்லை லாத்தா, எனக்குள்ளே இருக்கிறது. கத்தியால் என்ன செய்ய முடியும்.

மலர்கொடி இந்தத் தடவை வரவில்லை. அவள் கட்டிலில் வேறொருத்தி. நான் நர்ஸிடம் கேட்கவில்லை.

படுத்தே கிடப்பதால் பழையதெல்லாம் வருகிறது. கேட்டுவிடுகிறேன். உம்மா மூச்சுக்குத் திணறிய ஆறு நாளும் வாசலையே பார்த்தார்கள். "நிலோ வந்துட்டாளா" என்று கேட்டார்கள். நான் பஞ்சநதம் வீட்டு போனில் உங்களிடம் பேசினேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கடையில ஸ்டாக் எடுக்கிறாங்கடி, லீவு தர மாட்டாங்க" என்று சொன்னீர்கள். சட்டியும் கரண்டியும் எண்ணுவதற்காக. உம்மாவிடம் நான் எப்படி அதைச் சொல்வது. விமானம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். உம்மா என் பொய்யைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

எந்தச் சட்டியை எண்ணினீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஹமீதா

*

சிங்கப்பூர்
9.11.2002

ஹமீதா,

நோன்பு பிடித்துக்கொண்டு பொய் எழுதக்கூடாது. எழுதிவிடுகிறேன்.

நான் கடையில் வேலை பார்க்கவில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். சமையல், துணி, பெருக்குவது, துடைப்பது எல்லாம். ஏழு வருடமாக இதுதான். கத்தியை நான் விற்பதில்லை, அவர்கள் வீட்டுக் கத்தியில் அவர்களுக்கு நறுக்கிக் கொடுக்கிறேன். பல் போன கத்தி என்று எழுதினேனே, அது நான் போக்கியது. அதற்கு வாங்கிய திட்டில்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். உனக்கு வாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் வாங்குகிறவர்கள் நிற்கிற பக்கம் நின்று. விற்கிற பெண் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சம்மதிக்கவில்லை, நான் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன்.

வாப்பா என்னை மரைக்காயர் வீட்டில் அரிசி புடைக்க அனுப்பியதற்கே உம்மா அவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர்கள். மகள் அயல்நாட்டில் எச்சில் தட்டுக் கழுவுகிறாள் என்று கேட்டால் தாங்கியிருக்க மாட்டார்கள். கலந்தர் பாய் தன் கடை முகவரியைக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றினார். அவரிடம் கோபப்படாதே.

உம்மாவுக்கு முடியாமல் போன வாரம் இந்த வீட்டு மேடத்துக்குக் குழந்தை பிறந்தது. நான் கேட்டேன். கையைப் பிடித்துக் கேட்டேன். ஒரு மாதம் கழித்துப் போ என்றார்கள். கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அந்த வாரம் வேறு ஆள் இல்லை. பாஸ்போர்ட் அவர்கள் அலமாரியில். கடை நம்பர் என்று கலந்தர் பாய் உனக்குக் கொடுத்தது இந்த வீட்டு நம்பர், நீ போன் செய்தபோது அந்தக் குழந்தை என் தோளில் இருந்தது. வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். ஸ்டாக் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

அந்தக் குழந்தைக்கு நாலு வயது ஆகிவிட்டது. அதன் வயதைப் பார்த்துத்தான் உம்மா போய் எத்தனை வருடம் என்று எனக்கு ஞாபகம் வரும்.

எண்ணிய சட்டி ஒன்றும் இல்லை, ஹமீதா.

கத்தியின் முனை போனாலும் மிச்சத்தில் நறுக்கலாம். உடைந்த இடத்தைத் துணியால் ஒரு தரம் தடவிப் பார், நூல் மாட்டினால் தூக்கிப் போட்டுவிடு. இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நிலோஃபர்

*

கீழ்வேளூர்
12.1.2003

லாத்தா,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. முதலில் கோபம். பிறகு கலந்தர் பாய் அவசரமாக டீ குடித்தது ஞாபகம் வந்தது. பிறகு எழுத உட்கார முடியாமல் இருந்தது.

ஒரு சேதி. வாயில் ருசி வந்துவிட்டது. டிசம்பர் கடைசியில் ஒருநாள் காலை அமிர்தம் கொடுத்த காப்பியில் சர்க்கரை தெரிந்தது. நான் நம்பவில்லை. மறுநாள் ரசத்தில் புளி தெரிந்தது. நேற்றுச் சங்கரா மீன் குழம்பு. மீன் மீனாக இருந்தது. இரண்டு துண்டு தின்றேன். இரும்பு போய்விட்டது, எங்கேயும் இல்லை.

பழைய அரிவாள்மனையில்தான் எல்லாம் நறுக்குகிறோம். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சம்பாவும் காய்ந்துவிட்டது. வயல் வெடித்துக் கிடக்கிறது, ஆடு மேய்கிறது. பஞ்சநதம் திருப்பூர் போகலாமா என்று பேசுகிறார்.

ஹமீதா

*

சிங்கப்பூர்
27.1.2003

என் ராசாத்தி,

படித்துவிட்டுக் கலந்தர் பாய் கடையில் எல்லோருக்கும் சொன்னேன். அங்கே அரிசி வாங்க வந்த யாரோ ஒரு அம்மாவிடம், என் தங்கச்சி மீன் சாப்பிட்டுவிட்டாள் என்று சொன்னேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், புள்ள பொழச்சுக்கிச்சு" என்றார்கள்.

மருந்து கேட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். இல்லாவிட்டால் ருசி எப்படித் திரும்பும்? நன்றாகச் சாப்பிடு. கோழி வாங்கு. நாகூருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன், வந்து நிறைவேற்றுகிறேன்.

மேடத்திடம் பேசிவிட்டேன். ஏப்ரல் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஒரு மாதம் ஊருக்குப் போய் வா என்று அவர்களே சொன்னார்கள். ஏப்ரலில் வருகிறேன், ஹமீதா. மாம்பழக் காலம். நீ எனக்குச் சமைக்க வேண்டாம், நான் செய்கிறேன். ஏழு வருடம் யார் யாருக்கோ நறுக்கிக் கொடுத்த கை இது. உனக்கு ஒரு மாதம் செய்யட்டும்.

இந்தத் தடவை உங்கள் என்று எழுதாமல் உன் என்று எழுதியிருந்தாய். கவனித்தேன்.

உன் லாத்தா

*

கீழ்வேளூர்
14.2.2003

லாத்தா,

பெருநாள் அன்று உன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். இப்படி ஒரு கடிதம் உன்னிடமிருந்து வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போன தடவை பாதியை மட்டும் எழுதினேன். தப்பு என்மேல். மீதியை இப்போது எழுதுகிறேன்.

ருசி திரும்பியதற்குக் காரணம், மருந்தை நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஊசி கிடையாது. ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது. டாக்டர் நல்ல மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். "இனிமே மருந்து ஏத்தினா உங்களுக்குக் கஷ்டம்தான் கூடும்மா. வீட்டுல இருங்க. புடிச்சதைச் சாப்பிடுங்க" என்றார். வாய் எப்போது சரியாகும் என்று கேட்டேன். "மருந்து உடம்ப விட்டுப் போனா தானா சரியாயிரும்" என்றார். அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று.

வெளியூரில் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். யாரும் இல்லை என்றேன். பஸ் திருவாரூர் தாண்டியதும் அமிர்தம் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஏன்டி அப்படிச் சொன்னே, அக்கா இல்லையா உனக்கு?" என்றாள். அவளுக்கு லீவு கிடைக்காது என்றேன். அது கோபத்தில் சொன்னதில்லை, லாத்தா. உன் வேலை என்ன என்று எனக்குத் தெரிந்ததால் சொன்னேன்.

ஏப்ரல் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஏப்ரல் இருக்கிறதா என்று தெரியவில்லை. வயிறு வீங்கிவிட்டது. ருசி தெரிகிறது, ஆனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மாத்திரை போட்டால் தூங்குகிறேன்.

உம்மாவுக்கு நீ வராததை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் காகிதம் எடுத்தேன். எழுத வரவில்லை. உன் மேல் தப்பில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் அந்த ஆறு நாள் வாசலைப் பார்த்த கண்ணை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொய் எழுதக்கூடாது என்று நீதான் சொன்னாய்.

என் தையல் மெஷினை அமிர்தத்துக்குக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் எழுதவே மூன்று நாள் ஆயிற்று.

ஹமீதா

*

சிங்கப்பூர்
3.3.2003

ஹமீதா,

உன் கடிதம் வந்த அன்றே மேடத்திடம் போய் நின்றேன். மாற்று ஆள் வருகிறவரை பொறு என்றார்கள். போன தடவை மாதிரியே சொன்னார்கள். நான் போன தடவை மாதிரி நிற்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லி அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை. குழந்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் நாள் வீட்டு ஐயா அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். இனி இங்கே திரும்பி வர முடியாது. வேலை முடிந்தது. கலந்தர் பாய் நாளை மறுநாளுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார், திருச்சிக்கு.

அதைச் சொல்லத்தான் பஞ்சநதம் வீட்டுக்கு போன் செய்தேன். முந்தாநாள் யாரும் எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை. இன்று காலை அமிர்தம் எடுத்தாள். நான் பேசுகிறேன் என்றேன். பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. "ஹமீதா எப்படி இருக்கா?" என்றேன். "நீங்க வாங்கக்கா" என்றாள். "தூங்குறாளா, போன்கிட்ட வர முடியுமா?" என்றேன். "நீங்க கிளம்பி வாங்கக்கா, வந்து பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பப் போன் செய்யலாம். போன் கலந்தர் பாய் கடையில் எனக்கு எதிரேதான் இருக்கிறது. பாய் இரண்டு தடவை அதை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் தொடவில்லை. அவரிடம் காகிதம் கேட்டு வாங்கி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ மன்னிக்கவில்லை என்று எழுதியது சரிதான். அதைத் திருப்பி எழுதச் சொல்ல வரவில்லை. நேரில் திட்டு என்று கேட்க வருகிறேன். உனக்குப் பேச முடியாவிட்டால் நான் பேசுகிறேன், நீ கேட்டுக்கொண்டிரு.

இந்தக் கடிதம் கீழ்வேளூர் வர எட்டு நாளாகும். நான் மூன்றாம் நாளே வந்துவிடுவேன். தபால்காரர் இதைக் கொண்டுவரும்போது வீட்டில் நான்தான் இருப்பேன், நானே கையை நீட்டி வாங்குவேன் என்று தெரிகிறது. தெரிந்தும் உன் பேரைத்தான் உறையில் எழுதுகிறேன். அமிர்தம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

உன் லாத்தா
நிலோஃபர்